ஒருபுறம் மட்டும்

அக்கா நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, தங்கை மிஷினம்மா நகல் மிஷினுக்கு வாய் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் அவள் அதைச் சொல்வாள். ஃபீடரின் மூடியைத் திறந்து, தாளை உள்ளே இழுக்கும் ரப்பர் உருளைகளை ஈரத்துணியால் துடைக்கிற வேலை அது. நாளுக்கு இரண்டு தடவை துடைக்காவிட்டால் உருளை வழுக்கும். வழுக்கினால் இரண்டு தாளைச் சேர்த்து விழுங்கும். அப்புறம் அதைக் கக்கவைக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

"ஏன்டி, எங்க பில்டிங்க இடிக்கப் போறாங்களாம்," என்றாள் அக்கா. பஸ் லேட் என்று சொல்கிற குரல்தான், பதற்றமே இல்லை. "இடிச்சிட்டுப் புதுசா கட்டி, ரெக்கார்டுல யார் பேரு இருக்கோ அவங்களுக்கு வீடு குடுப்பாங்களாம். இல்லாதவங்க காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானாம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பேரக் காட்டணும். இன்னிக்குப் புதன். நீதான் இங்க இருக்கியே, எனக்கென்ன கவலை."

"ஏன், உன் பேருதான இருக்கும்?"

"கீழ கம்ப்யூட்டர்ல உங்க அத்தான் பேருதான் வருதாம். அவர்தான் வந்து கையெழுத்துப் போடணுமாம். எங்கேந்து வருவாரு? செத்துப் பதினாலு வருஷமாச்சு. வந்தாலும் அந்த மனுஷன் நேரத்துக்கு வரமாட்டாரே!"

அக்கா தன் ஜோக்குக்குத் தானே சிரித்தாள். மிஷினம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். துணியிலிருந்து தண்ணீர் அவள் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது.

குடியிருப்பு ஒதுக்கீட்டு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே, யாருக்கும் வேண்டாத அறை ஒன்று உண்டு. யாருக்கும் வேண்டாததால் அது அவளுக்குக் கிடைத்தது. அங்கே தாளைப் படமெடுத்துக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் ஒரு நகல் மிஷினும், அதற்கொரு திரையும், ஒரு நீள மேசையும் இருந்தன. மேசைமேல் பின் பிடுங்கும் இடுக்கி, ஒட்டும் டேப், ஈரப்பஞ்சுக் கிண்ணம், ஒரு கண்ணாடி ஜாடி. அவள் பிடுங்கிய பின்களெல்லாம் அந்த ஜாடியில் சேர்ந்திருந்தன. வேறு ஆபீஸ்களில் ஜாடியில் மிட்டாய் வைப்பார்கள்.

பதினோரு வருஷமாக அவள் தற்காலிகம். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவளை நீக்கி, ஒருநாள் வீட்டில் உட்காரவைத்து, மறுநாள் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் "முன்அனுபவம்" என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதச் சொல்வார்கள். இருக்கிறது என்று எழுதினால் நிரந்தரம் செய்ய வேண்டிவரும் அல்லவா? புருஷன் என்று ஒருவன் இருந்தான். ஊர் மாறிப்போய் வேலை தேடுகிறேன் என்று கம்பி நீட்டியவன், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது. ஆக அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, நிரந்தரம் என்கிற அந்த ஒரு வார்த்தை. கையெழுத்தோடும் முத்திரையோடும்.

வேலையில் அவளை அசைக்க ஆளில்லை. மிஷின் என்பது வீட்டோடு வந்த மாப்பிள்ளை மாதிரி. முள்ளெடுத்து, நிமிர்த்தி, அழகாக அடுக்கி நீட்டினால்தான் வாய் திறக்கும். ஒரு மடிப்பு இருந்தால் போதும், முகத்தைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் நின்றுவிடும். அவள் கோப்பின் கயிற்றை அவிழ்ப்பாள். பின்களைப் பிடுங்குவாள், காது மடங்கிய மூலைகளைக் கட்டைவிரல் நகத்தால் நீவுவாள், கிழிசலுக்கு டேப் போடுவாள். பிறகு ஐம்பது தாளைக் கையிலெடுத்துச் சீட்டுக்கட்டு போல விசிறி, காற்றுப் புகவிட்டு, மேசையில் நாலு பக்கமும் தட்டிச் சமன்செய்து, ஃபீடரில் முகம் மேலாக வைத்து, இரண்டு பக்கக் கட்டைகளையும் நெருக்கிவிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்குவாள். மற்றவர்கள் கைக்கு முப்பது தாளுக்கு ஒருமுறை சிக்கும். அவள் கைக்கு ஆயிரத்துக்கு ஒன்று.

அந்த ஆபீசுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. எப்போதோ காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஓர் அதிகாரி மனுவைத் திருப்பி அதன் முதுகிலேயே ஆணையை எழுதிவிட்டார். தட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. முன்பக்கத்தில் கேட்டவர் அழுகை இருக்கும், பின்பக்கத்தில் கொடுத்தவர் கையெழுத்து இருக்கும். தனியாக ஆணைக் கடிதம் அனுப்புவதில்லை. "கோப்புல எழுதியாச்சு, போங்க" என்றால் ஜனங்களும் போய்விடுவார்கள்.

அத்தான் இறந்த பிறகு வீட்டைத் தன் பேருக்கு மாற்றச்சொல்லி அக்கா கொடுத்த மனுவும் அப்படித்தான். அதிகாரி அவள் கண்ணெதிரே மனுவைத் திருப்பினார். பச்சை மையில் நாலு வரி எழுதி, ஒரு முத்திரையைக் குத்தினார். பேரேட்டில் பேரை மாற்ற வேண்டிய குமாஸ்தா நாளைக்கு மாற்றுகிறேன் என்று வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போனார். அது யாருக்குத் தெரியும்?

போன வருஷம் வந்து சேர்ந்தார் டார்கெட் சார். பிரிவின் மேலாளர். காலையில் வணக்கம் சொன்னால் "இன்னிக்கு எத்தனை?" என்று பதில் வணக்கம் சொல்வார், பேர் அப்படித்தான் வந்தது. பழைய கோப்பெல்லாம் எட்டே மாதத்தில் கம்ப்யூட்டருக்குள் போக வேண்டும் என்று மேலிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இரண்டு பக்கமும் எடுப்பதென்றால் மிஷின் ஒவ்வொரு தாளையும் விழுங்கி, புரட்டி, மறுபடி விழுங்க வேண்டும். பழைய தாள் இரண்டாவது விழுங்கலில் கிழியும். முதல்நாளே நின்று பார்த்தார், ஒரு கணக்குப் போட்டார்.

"ஒருபுறம் மட்டும்னு போட்டுடுங்கம்மா."

"சார், பின்னாடிதான சார் ஆர்டரே இருக்கும்?"

"எல்லாத்துலயுமா?"

"பத்துக்கு மூணுல இருக்கும் சார்."

"அப்ப ஏழுல இல்லையே! ஒரிஜினல் எல்லாம் குடோன்ல பத்திரமா இருக்கப் போகுது. தேவைன்னா எடுத்துப் பாத்துட்டுப் போறாங்க." குரலைத் தாழ்த்தினார். "நிரந்தரம் பண்றதுக்கு ஒரு லிஸ்ட் கேட்டிருக்காங்க. என் பிரிவுலேந்து ஒரே பேரு. இலக்கு முடிஞ்சா அது உங்க பேருதான்."

சரக்கைக் காட்டாமலே விலையைச் சொல்லத் தெரிந்த மனிதர். அவள் பொத்தானை மாற்றினாள்.

ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. "இருபுறமும் படியெடுக்கப்பட்டுச் சரிபார்க்கப்பட்டது" என்று அச்சடித்தே வந்திருந்தது. முதல் கட்டில் அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள். "அச்சடிச்சது அப்படி இருக்கு, நாம என்ன பண்றது? போடுங்கம்மா" என்றார். போட்டாள். முதல் கையெழுத்துதான் கனத்தது. அடுத்த நானூற்றுப் பதினொன்றும் தானாகவே விழுந்தன.

நூற்று நாற்பத்து மூன்றாம் கட்டில் அக்காவின் கோப்பு வந்தது.

இதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. மனுவைக் கண்டாள். திருப்பினாள். பச்சை மை மங்காமல் இருந்தது. நாலு வரியையும் படித்தாள். பொத்தானை இருபுறத்துக்கு மாற்றலாம் என்று விரல்கூடப் போயிற்று. ஆனால் நடுவில் மாற்றினால் கட்டு இரண்டாக உடையும், எண் தவறும், கீழே சரிபார்க்கிறவன் திருப்பி அனுப்புவான், டார்கெட் சார் ஏன் என்று கேட்பார். லிஸ்ட் போகப்போவதாகப் பேச்சு அடிபட்ட வாரம் அது. ஒரிஜினல்தான் குடோனில் இருக்கப்போகிறதே! மனுவின் மூலையை மற்றதைவிடப் பாசமாக நீவினாள். ஓரத்துக் கிழிசலுக்கு டேப் போட்டாள். பச்சைப் பொத்தானை அமுக்கினாள். மொத்தம் மூன்று விநாடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய், "உன் ஃபைல என் கையாலயே ஏத்தினேன்க்கா, இனிமே நெருப்பு வந்தாலும் அழியாது" என்று வேறு சொல்லிவிட்டு வந்தாள்.

நெருப்பு வரவில்லை. குடோன்காரர் இடத்தைக் காலி செய்யச் சொன்னார். சான்றிதழ்தான் இருக்கிறதே, இருபுறமும் எடுத்தாயிற்றே என்று மேலிடம் ஒரே வரியில் உத்தரவு போட்டது. ஆபீசுக்கே திருப்பிக் கொண்டுவந்து அரைத்த ஒரிஜினல்கள் எல்லாம் நார்நாராகி மூட்டைகளில் இறங்கிப் போனபோது, மாடி ஜன்னலில் நின்று அவளும் பார்த்தாள்.

இப்போது அக்கா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எடுடி, பாப்போம்" என்றாள்.

அவள் திரையில் எடுத்தாள். மனுவின் முன்பக்கம் பளிச்சென்று வந்தது. அக்காவின் கையெழுத்து, அத்தானின் இறப்புத் தேதி, அவள் போட்ட டேப்பின் நிழல்கூடத் தெரிந்தது. அடுத்த பக்கத்தில் யாரோ ஒருவரின் வாடகை ரசீது.

"திருப்பு," என்றாள் அக்கா.

"இதத் திருப்ப முடியாதுக்கா."

"பின்பக்கத்தக் காட்டுன்னா..."

"அது... வேற எடத்துல இருக்கும். நான் தேடி எடுத்துத் தர்றேன். நீ கெளம்பு. தையல் வேலை கெடக்கும்."

அக்காவுக்குத் தையல்தான் தொழில். மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஜன்னலோரம் மிஷின். எந்த உடுப்பைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்வெளியாகப் புரட்டித்தான் பார்ப்பாள். "முன்பக்கத்த எவ வேணா அழகா தைப்பா. உள்பக்கத்தக் காட்டு, அவ லட்சணத்த நான் சொல்றேன்" என்பாள். போகும்போதும் படியில் நின்று, "பச்சை மைடி, மறந்துடாத. நாலு வரி" என்று நினைவுபடுத்திவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை மெக்கானிக் வந்தார். மாதம் ஒருமுறை மிஷினின் வயிற்றைத் திறந்து மூடுகிறவர். வாயை மட்டும் மூடமாட்டார்.

"என்னம்மா, மூஞ்சி பேப்பர் ஜாம் ஆன மாதிரி இருக்கு?"

"ஒண்ணு கேக்கணும். ஒரு பக்கம் எடுத்தோமா, ரெண்டு பக்கம் எடுத்தோமான்னு இதுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? பொல்லாத மிஷினும்மா இது. பழைய மளிகைக்கடை முதலாளி மாதிரி, வாயத் தொறக்காது, ஆனா ஒவ்வொண்ணையும் எண்ணி உள்ள வச்சிருக்கும். பாக்குறீங்களா?"

நாலு பொத்தானை அமுக்கினார். ஒரு தாள் சூடாக வெளியே வந்தது. ஒருபுறம்: ஒரு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரத்து நானூற்று ஆறு. இருபுறம்: முப்பத்தெட்டு. அந்த முப்பத்தெட்டும் முதல்நாள் பரீட்சைக்குப் போட்டவை.

"ஏம்மா, யாராவது வம்பு பண்றாங்களா?"

"இல்ல, சும்மாதான்," என்று சொல்லித் தாளை மடிக்காமல் எடுத்துவைத்தாள்.

அவர் போனதும் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தாள். பின்பக்கங்கள் எடுக்கப்படவில்லை, அதில் ஆணைகள் இருந்தன, என் அக்கா கொடுத்த மனுவின் பின்பக்கத்தில் இன்ன ஆணையை நான் கண்ணால் கண்டேன், என் சான்றிதழ்கள் சரியல்ல. எழுத எழுதக் கை நேரானது. பதினோரு வருஷத்தில் மிஷினுக்காக இல்லாமல் அவள் தயார் செய்த முதல் தாள் அது. கணக்குத் தாளை அதோடு சேர்த்து ஒரு பின் அடித்தாள். பின் அடிக்கிற மிஷினை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருந்தது.

டார்கெட் சார் நின்றபடியே படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உக்காருங்கம்மா. டீ சொல்லவா?"

"வேணாம் சார். இதுல கையெழுத்துப் போட்டு மேல அனுப்புங்க. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் இருக்கு."

"அனுப்பறேன். தடுக்க நான் யாரு?" அலமாரியைத் திறந்து ஒரு தடித்த கோப்பை மேசைமேல் வைத்தார். சான்றிதழ்கள். "நானூத்திப் பன்னண்டு. இதுல என் கையெழுத்து எங்கயாவது இருக்கா, பாருங்க."

அவள் பார்க்கவில்லை. இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"நீங்கதான் சார் ஒருபுறம் போடச் சொன்னீங்க."

"சொன்னேன்னு நீங்க சொல்றீங்க. நான் மிரட்டலம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நியாயமா யோசிச்சுப் பாப்போம். பத்துக்கு மூணுன்னு நீங்களே சொன்னீங்க. அம்பதாயிரத்துக்கு மேல வருதா? அத்தனை பேரும் நாளைக்கு வாசல்ல நிப்பாங்க. விசாரணை வைப்பாங்க. அது முடிய அஞ்சு வருஷம். உங்க அக்கா வீடு வெள்ளிக்கிழமை போயிடும், அத எந்த விசாரணையும் நிறுத்தாது. உங்க வேலை அஞ்சு நிமிஷத்துல போயிடும். ரெண்டும் போறதுல யாருக்கு என்ன லாபம்?"

விற்கத் தெரிந்தவன் பொருளைப் புகழமாட்டான். வாங்குகிறவன் மனசாட்சிக்கு ஒரு சாக்கைச் சேர்த்துக் கட்டிக்கொடுப்பான். அவர் சொன்னதில் பாதி உண்மையாக இருக்கலாம். எந்தப் பாதி என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இழுப்பறையைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்தார். ஒரு கவர். "லிஸ்ட் நாளைக்குப் போகுது. ஒரே பேரு."

அவள் கவரைப் பார்த்தபடி, "அக்காவுக்கு..." என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் வியாபாரம் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "காத்திருப்போர் பட்டியல்ல சேக்கச் சொல்றேன்மா," என்றார். வியாபாரம் படிந்த பிறகு கடைக்காரன் கிள்ளிப் போடுகிற கொசுறு.

அவள் நீட்டிய தாள்களை அவர் வாங்கவில்லை, தொடவும் இல்லை. மூலையை மட்டும் கண்ணால் காட்டினார். அங்கே தாள் அரைக்கும் மிஷின் இருந்தது. அவள் எழுந்து போனாள். அதன்முன் நின்று, கைப்பழக்கத்தில் நகத்தாலேயே பின்னைப் பிடுங்கினாள். இரண்டு தாளையும் மேசை ஓரத்தில் தட்டிச் சமன்செய்தாள். பிறகு உள்ளே விட்டாள். சிக்காமல் போயிற்று. அவள் கையிலிருந்து போவது எதுவும் சிக்காது.

பின்னைக் கொண்டுபோய் ஜாடியில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுப் படிகளில் ஏறினாள். அக்கா மடியில் ஒரு சட்டையைப் போட்டுப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கெடச்சிடுச்சா?"

"தேடிட்டேன்க்கா. பின்பக்கம் வெத்தாதான் இருக்கு. அந்த ஆபீசர் எழுதவேயில்ல."

ஊசி நின்றது. "ஏய், என் கண்ணு முன்னாடி எழுதினார்டி. பச்சை மை."

"வேற யார் மனுவிலயாவது எழுதியிருப்பாருக்கா. மேசையில எவ்வளவோ இருந்திருக்கும்."

"நாலு வரிடி..."

"நானே பாத்தேன்க்கா. என் கையால ஏத்தின ஃபைலு. நான் உன்கிட்டப் பொய் சொல்வனா?"

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். கத்தியிருக்கலாம். மயிரைப் பிடித்து இரண்டு அறை விட்டிருக்கலாம். சின்ன வயதில் பென்சில் திருட்டுக்கே விட்டவள்தானே? அதெல்லாம் செய்யவில்லை. மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"நான் அப்ப அழுதுட்டு உக்காந்திருந்தேன். கண்ணே சரியா தெரியல. முத்திரை குத்தின சத்தம் கேட்டுச்சு... அது பக்கத்து மேசையா இருந்திருக்கும் போல." ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "பதினாலு வருஷமா நானாதான் நெனச்சுட்டு இருந்திருக்கேன், பாரேன்," என்றாள்.

தங்கையின் பேச்சுக்காகத் தன் கண்ணையே விட்டுக்கொடுத்தாள். அத்தனை மலிவாக ஒரு பொருள் கைமாறி மிஷினம்மா அதுவரை பார்த்ததில்லை. எழுந்து, டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய், அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றாள். சுவர்க் கடிகாரம் மூன்றடித்தது. ஓடினால் இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தக் கணக்குத் தாளை மறுபடி எடுக்கலாம். நாலே பொத்தான். நாலரைக்கும் நின்றாள், ஐந்துக்கும் நின்றாள். நடுவில் அக்காதான் வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

இரண்டு வாரத்தில் அக்கா தையல் மிஷினோடு தங்கையின் ஒன்றரை அறைக்கு வந்து சேர்ந்தாள். கட்டில் அக்காவுக்கு, தரை அவளுக்கு. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. எந்தக் காகிதம் வீட்டுக்குள் வந்தாலும் அக்கா அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பாள். கரண்ட் பில், மருந்துச் சீட்டு, கடைக்காரர் பொட்டலம் கட்டின துண்டுத்தாள், கிழித்த காலண்டர் எதுவும் தப்பாது. படிப்பதெல்லாம் இல்லை. சும்மா திருப்பி, ஒரு தடவை பார்த்து, வைத்துவிடுவாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது மிஷினம்மா சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் எடுத்துப்போய்க் கழுவிவிட்டாள். பிறகு அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு மாலை அவள் வேலையிலிருந்து திரும்பியபோது, வாசலிலேயே அக்கா ஒரு நீளக் கவரை நீட்டினாள். "உனக்கு ரிஜிஸ்டர் தபால். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

கவர் பிரித்திருந்தது. உள்ளே ஒரே தாள். நிரந்தரம் என்ற வார்த்தை மூன்றாவது வரியில் இருந்தது. கீழே கையெழுத்து, முத்திரை. பதினோரு வருஷமாக அவள் மனசுக்குள் எழுதிப் பார்த்த அதே இடங்களில்.

"சந்தோஷம்டி," என்றாள் அக்கா. உண்மையான சந்தோஷம்தான். அதுதான் தாங்கவில்லை. பிறகு தாளைத் தங்கை கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்துப் பக்கம் நகர்ந்து, திருப்பிப் பார்த்தாள்.

"பின்னாடி ஒண்ணும் எழுதலையே?"

"எழுதமாட்டாங்கக்கா. இப்பல்லாம் ஒரு பக்கம்தான்."

அக்கா முகத்தைத் தூக்காமல் தாளின் ஓரத்தை விரலால் நீவினாள், தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"இருந்தாலும் பத்திரமா ஒரு காப்பி எடுத்து வச்சுக்க," என்றாள். "எடுக்கறப்ப ரெண்டு பக்கமும் எடு."

சொல்லிவிட்டுத் தன் மிஷின் பக்கம் போய் உட்கார்ந்தாள். ஒரு பாவாடையை எடுத்து, உள்வெளியாகப் புரட்டிப் போட்டு, மிதிக்க ஆரம்பித்தாள்.